புயலின் பாதையில் – 8: பறந்துபோனவையும் நின்றுபோனவையும்

சென்ற வாரம் பேராவூரணித் தென்னந்தோப்புகளில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் விமானப்படைத் தளத்துக்குப் போகலாம்.

2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இந்தத் தளத்தில் நிரந்தரமான போர் விமானப் பிரிவு எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை புதுப்பிக்கப்பட்டு, 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியால் தொடங்கிவைக்கப்பட்ட தளமாக இருந்தது. கஜா போய்ப் பதினான்கு மாதம் கழித்து, 2020 ஜனவரி 20 அன்று, சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு 222-வது படைப்பிரிவு இங்கே குடிவந்தது. ‘டைகர்ஷார்க்ஸ்’ என்பது அதன் பெயர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியாவும் அன்று தஞ்சைக்கு வந்திருந்தார்கள். தென்னிந்தியாவில் அமைந்த முதல் சுகோய் பிரிவு இதுதான். இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்துபோய்க் கடலில் தொலைதூர இலக்கைத் தாக்கக்கூடியது.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நவம்பர் கடைசி வாரத்தில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி இலங்கையைக் கடந்து வந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று டெல்டாவை மழையில் மூழ்கடித்தது. தளத்திலிருந்து பாக் நீரிணைக் கரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். எந்தக் கடலைக் காவல் காக்க இந்த விமானங்கள் வந்தனவோ, அந்தக் கடல் பக்கமிருந்துதான் புயலும் வருகிறது. அதனால் இங்கே விமானத்தைப் புயலிலிருந்து காப்பது ஆண்டுதோறும் ஐப்பசியில் எழும் கேள்வி.

காற்று என்ன செய்யும்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். புயல் சேதத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று தன் எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 68 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 240 கிலோமீட்டரில் அது 270 கிலோவைத் தாண்டிவிடும்.

சிறிய பயிற்சி விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழும்பிவிடும். அது ஓடினாலும் சரி, அது நிற்க எதிரே காற்று ஓடினாலும் சரி, இறக்கைக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே கட்டிப்போடாத சிறு விமானத்தைப் புயல் தூக்கிக் கவிழ்த்துவிடும். சுகோய் அப்படியில்லை. வெற்று எடையே 18 டன்னுக்குக் குறையாது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்த பிறகுதான் தரையை விடும். கஜா போன்ற புயலின் காற்று அதைத் தூக்கிவிடாது.

அதற்கு ஆபத்து வேறு வழிகளில் வருகிறது. பிய்ந்து பறக்கும் தகரமும் மரக்கிளையும் விமானி அமரும் கண்ணாடிக் கூண்டை உடைக்கும், ரேடாரை மூடியிருக்கும் மூக்கைக் கிழிக்கும். வாலிலும் இறக்கையிலும் அசையும் தகடுகளைக் காற்று ஆட்டி ஆட்டி அவற்றின் இணைப்புகளைத் தளர்த்தும். உப்புக் கலந்த மழைநீர் மின் இணைப்புகளுக்குள் இறங்கி மாதக்கணக்கில் அரிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, காப்பாற்றுவதற்காகக் கட்டிய ஹேங்கரே விமானத்தின் மேல் விழுவது.

ஹேங்கரின் பலவீனமான இடம் அதன் கதவு. 20 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள கதவின் மேல் 120 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 8 டன் எடையோடு சாயும். 240 கிலோமீட்டரில் அது 32 டன். கதவு தடத்தை விட்டு நழுவிவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரம் வெளியே ஓடும் காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேரும் நொடியில் கூரை பிய்ந்துபோகும்.

ஐந்து வாரத்துக்கு முன், புளோரிடாவில்

கஜா வருவதற்கு ஐந்து வாரத்துக்கு முன்னால், 2018 அக்டோபர் 10 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிண்டால் விமானப்படைத் தளத்தை மைக்கேல் சூறாவளி நேராகத் தாக்கியது. மூன்றே நாளில் சாதாரணத் தாழ்வு மண்டலத்திலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியாக ஊதிப் பெருத்த புயல் அது. கரையைத் தொட்டபோது காற்று மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருந்தது.

டிண்டாலில் எஃப்-22 ராப்டர் விமானங்கள் இருந்தன. ஒன்றின் விலை நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு வரும். படையில் சேர்ந்தவை மொத்தம் 187. உற்பத்தி நிறுத்தப்பட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்று போனால் வேறொன்று செய்ய வழியில்லை. எச்சரிக்கை வந்ததும் முப்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் வடக்கே பறந்து தப்பின. பராமரிப்புக்காகப் பிரித்துவைக்கப்பட்டவையும் பழுது காரணமாகப் பறக்க முடியாதவையும் ஹேங்கர்களிலேயே நின்றன.

மறுநாள் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து உலகமே திகைத்தது. கூரைகள் பிய்ந்து கிடந்தன. சேதமில்லாத கட்டடம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நல்வேளையாக, உள்ளே இருந்த ராப்டர்கள் பயந்த அளவுக்குச் சிதையவில்லை; சரிசெய்து பறக்கவைத்தார்கள். தளத்தைத் திரும்பக் கட்டத்தான் பல நூறு கோடி டாலர் தேவைப்பட்டது. புதிய கட்டடங்களை மணிக்கு 265 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள்.

டிண்டாலின் பாடம் கூரைகளோடு முடிந்துவிடவில்லை. பறந்துபோன விமானத்தையும் நின்றுபோன விமானத்தையும் பிரித்தது, அந்த வாரத்தில் எது பறக்கும் நிலையில் இருந்தது என்ற ஒன்றுதான். அதை முடிவுசெய்தவர்கள் பல வாரங்களுக்கு முன்பே, ஸ்பேனரும் உதிரிபாகப் பட்டியலுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த தரைப் பணியாளர்கள்.

விமானத்தைக் காக்கப் போய்ப் பிறந்த கணிப்பு

புயலைக் கணிக்கும் அறிவியலுக்கும் தரையில் நின்ற ராணுவ விமானங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1943 ஜூலை 27 அன்று டெக்சாஸ் கடற்கரையை ஒரு சூறாவளி நெருங்கியது. பிரையன் தளத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள், அங்கிருந்த ஏ.டி.-6 பயிற்சி விமானங்கள் காற்றுக்குப் பயந்து வேறு ஊருக்கு ஓட வேண்டியவை என்று கேலி பேசினார்கள். பயிற்றுநர் கர்னல் ஜோசப் டக்வொர்த்துக்கு அது பொறுக்கவில்லை. ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டி அதிகாரியை ஏற்றிக்கொண்டு அதே வகை விமானத்தில் சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே பறந்து திரும்பினார். வேண்டுமென்றே சூறாவளிக்குள் புகுந்த முதல் பயணம் அது. இன்று புயலுக்குள் பறந்து அளவெடுக்கும் விமானங்கள் எல்லாம் அந்தப் பயணத்தின் வாரிசுகள்.

இன்னொரு சம்பவம் ஓக்லஹோமாவில் நடந்தது. 1948 மார்ச் 20 அன்று டிங்கர் தளத்தில் புகுந்த சுழற்காற்று, நிறுத்திவைத்திருந்த விமானங்களை உருட்டிப்போட்டது. எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகளிடம் இதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கும்படி உத்தரவு வந்தது. ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, அதே அறிகுறிகள் வானத்தில் திரள்வதைக் கண்டு எச்சரிக்கை கொடுத்தார்கள். விமானங்களை உள்ளே தள்ளினார்கள். வெளியே இருந்தவற்றைக் கட்டினார்கள். மாலையில் சுழற்காற்று வந்தே விட்டது. பின்னாளில் எத்தனையோ உயிர்களைக் காத்த சுழற்காற்று முன்னறிவிப்பு முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

நம்மிடம் இருக்கும் மணிநேரங்கள்

நம் வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு படிகளில் எச்சரிக்கிறது. 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தி, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பூட்டல், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரையைக் கடந்த பிறகு என்ன நடக்கும் என்ற கணிப்பு. மேற்கே இருக்கும் சூலூர் போன்ற தளத்துக்குச் சுகோய் போய்ச்சேர ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அப்படியானால் கவலை எதற்கு என்று தோன்றலாம்.

கஜாவின் பாதையை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வட தமிழகத்தையும் தென் ஆந்திரத்தையும் நோக்கி வருவதாகக் கணிக்கப்பட்ட புயல், வங்கக்கடலின் நடுவே தென்மேற்காகத் திரும்பியது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் வேதாரண்யம் பக்கம் வந்து, கரை ஏறிய பின்னும் வலுக் குன்றாமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டே மேற்கே போனது. தஞ்சைக்கு வராது என்று முதல் நாள் சொல்ல முடிந்த புயல் மூன்றாம் நாள் நம் தலைக்கு மேல் நிற்கலாம். கையில் இருப்பதாக நினைக்கும் 72 மணி நேரம் உண்மையில் 24 ஆகச் சுருங்கிவிடும். கழற்றிய என்ஜினைத் திரும்பப் பூட்டிச் சோதித்துப் பறக்கவிட அந்த நேரம் போதாது.

ஆகவே, தஞ்சைத் தளத்தின் பராமரிப்பு நாட்காட்டி வடகிழக்குப் பருவமழையைப் பார்த்து எழுதப்பட வேண்டும். குறுவையை அடைமழைக்கு முன் அறுத்துக் களம் சேர்க்க வேண்டும் என்று டெல்டா விவசாயி கணக்குப் போட்டு விதைப்பதுபோல, நாள் பிடிக்கும் பராமரிப்புகள் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரித்துப்போட்ட நிலையில் நிற்கும் விமானங்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் புயலின் கைக்கு எட்டுபவையும் குறைவு. பெரிய பழுதுபார்ப்புகள் எப்படியும் நாசிக்கில்தான் நடக்கின்றன. அங்கே போக வேண்டியவற்றை இந்த மாதங்களில் அனுப்பிவைத்தால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

நிற்பவற்றுக்கு என்ன வழி?

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒன்றிரண்டு விமானம் நிற்கத்தான் செய்யும். அவற்றுக்கு உறுதியான கூரை வேண்டும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) 2015-ல் திருத்தப்பட்டபோது, கிழக்குக் கடற்கரையை ஒட்டிச் சுமார் 60 கிலோமீட்டர் அகலப் பட்டையில் கட்டும் கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு வந்தது. மருத்துவமனை, பள்ளி, புயல் பாதுகாப்பு மையம், தகவல் தொடர்புக் கோபுரம் என்று புயலுக்குப் பிறகு உடனே தேவைப்படும் கட்டடங்களுக்குக் காற்றின் வேகத்தை 1.30 மடங்காக வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும். வேகம் 1.3 மடங்கென்றால் அழுத்தம் 1.69 மடங்கு. தஞ்சைத் தளம் அந்தப் பட்டையின் உள்விளிம்பில் இருக்கிறது. இங்கே எழும் ஒவ்வொரு ஹேங்கரும், குறிப்பாக அதன் கதவும் கதவுத் தடமும், இந்த உயர்ந்த கணக்கில்தான் கட்டப்பட வேண்டும்.

ஹேங்கரில் இடம் கிடைக்காத விமானத்தை மூக்கு காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்தி, தரையில் பதித்த வளையங்களில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எரிபொருளை நிரப்பி எடை கூட்டி, அசையும் தகடுகளைப் பூட்டி, காற்று உறிஞ்சும் வாய்களை மூட வேண்டும். ஆனால் கயிற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 1944 டிசம்பர் 18 அன்று பசிபிக் கடலில் அமெரிக்க அட்மிரல் ஹால்சியின் கடற்படை சூறாவளிக்குள் சிக்கியபோது, கப்பல்களில் கட்டியிருந்த விமானங்கள் அறுத்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தன. 146 விமானங்கள் கடலில் போயின அல்லது உதவாமல் சிதைந்தன. மூன்று கப்பல்கள் மூழ்கின. ஏறக்குறைய 790 மாலுமிகள் இறந்தார்கள்.

புயல் போன பிறகும் வேலை இருக்கிறது. ஓடுபாதையில் கிடக்கும் ஆணியோ தகரத்துண்டோ என்ஜினுக்குள் இழுக்கப்பட்டால் அதன் தகடுகள் நொறுங்கிவிடும். ஆகவே பாதையை முழு நீளத்துக்கும் பெருக்கிய பிறகே விமானம் ஓடலாம். நின்ற விமானங்களை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை போர்க்கருவிக்கு வேண்டுமா என்று டெல்டாவில் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை மதிக்கிறேன். கஜாவில் கூரையிழந்த குடும்பங்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி அது. என் பதில் இதுதான். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் தாக்கியதில் விசாகப்பட்டினம் விமான நிலையத்தின் கூரை பிய்ந்து, கடற்படையின் டேகா தளத்தோடு பகிர்ந்துகொள்ளும் அந்த இடத்தில் பயணிகள் சேவை பல நாள் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடிக்கிடந்தபோது, அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளம்தான் பயணிகளுக்கு வழிவிட்டது. சாலைகள் மரம் விழுந்து அடைபட்ட நாளில் மருந்தும் மீட்புக் குழுவும் வந்து இறங்குவது ஓடுபாதையில்தான். புயலுக்கு மறுநாள் காலையில் வேலைசெய்யும் தளம் டெல்டாவின் சொத்து. அதன் ஓடுபாதையும் மின்சாரமும் கோபுரமும் மருத்துவமனைக்கு நிகரான உறுதியோடு இருக்க வேண்டும். அது தஞ்சை, நாகை, திருவாரூர் மக்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமை. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: நாகை, காரைக்கால் துறைமுகங்களில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் – அவற்றின் எண்கள் மீனவருக்கு என்ன சொல்கின்றன?