பசுமைக் கப்பலும் காலாப்பட்டின் மணலும்

சரக்குப் போக்குவரத்தைச் சூழலுக்கு உகந்ததாக மாற்றுவது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் புகையை மட்டுமே அளக்கிறோம். புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள காலாப்பட்டை முன்வைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கு முழுமையானதல்ல என்பேன்.

லாரியிலிருந்து கப்பலுக்கு மாறுவது நல்லதென்பதில் ஐயமில்லை. பரவலாக எடுத்தாளப்படும் இந்தியக் கணக்கின்படி, 1 லிட்டர் எரிபொருளில் 1 டன் சரக்கைச் சாலையில் 24 கி.மீ., ரயிலில் 85 கி.மீ., உள்நாட்டு நீர்வழியில் 105 கி.மீ. கொண்டுசெல்லலாம். 2023 பிப்ரவரியில் சென்னை - புதுச்சேரி சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டதும் அவ்வகையில் வரவேற்கத்தக்கதே.

ஆனால், கப்பல் வந்தடையும் துறைமுகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதில் ஒரு பகுதியை மட்டுமே தெற்கே திருப்பித் தருகிறது. இந்த ஓட்டத்தைச் சுவர்கள் மறித்ததால் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. நகரைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. பாறை தான் இருக்கும் இடத்தைக் காக்கும். அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். தமிழகத்தின் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி, மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் வரும் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வரை மீனவக் கிராமங்கள் கடலரிப்பை அஞ்சி வாழ்கின்றன. படகை ஏற்றி நிறுத்தவும் வலையை உலர்த்தவும் உதவும் மணற்பரப்புதான் அவர்களது துறைமுகம். ஒரு துறைமுகத்துக்காக இன்னொன்று கரைகிறது.

இதற்குத் தீர்வு புதிதல்ல. தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து இயக்கப்படவில்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் நகரின் கடற்கரையில் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு, அங்கே மணல் மீண்டும் சேர்ந்ததைக் கண்டோம். இழந்த கரையை மீட்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால், நகரின் முகப்பைத் தாண்டி வடக்கேயும் மணல் சென்றாக வேண்டும்.

ஆகவே, மணலைக் கடத்தித் தரும் செலவைத் தனித் திட்டமாகவோ நிவாரணமாகவோ கருதாமல், கால்வாயைத் தூர்வாருவதுபோல் துறைமுகத்தின் அன்றாடச் செலவாகவே ஏற்க வேண்டும். சரக்குக் கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். கப்பலில் மிச்சமாகும் டீசலின் விலையைக் காலாப்பட்டு மீனவர்கள் தங்கள் கரையால் செலுத்துவது நியாயமாகாது.