ஏறப் பழகினோம், இறங்கப் பழகவில்லை

எங்கள் புளோக்கில் 12 மாடிகள். சென்ற மார்ச் விடுமுறைக்கு முன்பு ஏழு வாரங்கள், வாரத்தில் மூன்று இரவுகள், அப்பாவும் நானும் தரைத்தளத்திலிருந்து உச்சிமாடிவரை படியேறினோம். முதுகுப் பையில் ஆளுக்கு நான்கு தண்ணீர்ப் போத்தல்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் மின்தூக்கியில் கீழே வருவோம், மறுபடி ஏறுவோம். ஒன்பதாவது மாடியில் இருக்கும் மலாய்ப் பாட்டி முதல் வாரம் முழுவதும் மின்தூக்கி பழுதாகிவிட்டது என்றே நினைத்திருந்தார்.

மின்தூக்கியில் இறங்கும் யோசனை என்னுடையது. அப்பாவுக்கு 54 வயது, முழங்காலைக் காப்பாற்ற வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் ஏற விரும்பியது ஜோகூரில் இருக்கும் குனோங் லேடாங். ஆங்கிலேயர் காலத்தில் ஓஃபிர் மலை என்று அழைக்கப்பட்ட இதன் உயரம் 1,276 மீட்டர். நம் நாட்டின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். எங்கள் புளோக்கை ஒருமுறை முழுதாக ஏறினால் சுமார் 30 மீட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குச் சற்று பயம் வந்தது.

அப்பா பயப்படவில்லை. அவர் பிறந்தது தங்காக் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தாவும் பாட்டியும் அங்கே பால்மரம் சீவியவர்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் அந்த மலை தெரியுமாம். ஆனால் ஏறியதில்லை. “அப்போ யாரு மலை ஏறுவா? தோட்டத்துல நடந்த நடையே போதும்,” என்பார். 19 வயதில் வேலை தேடி சிங்கப்பூருக்கு வந்தவர், கப்பல் பட்டறையில் சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். மலை மட்டும் அப்படியே இருக்கிறது.

என் பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் லேடாங் போகத் திட்டமிட்டபோது, வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?” என்று கேட்டார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை தேக்காவுக்குப் போனோம். சந்தையில் வாழைப்பழம், பஃபலோ ரோட்டில் கடலை மிட்டாய், முஸ்தஃபாவில் தலைவிளக்கும் கையுறையும் வாங்கினோம். சாப்பாட்டுக்கு ரொட்டி போதும் என்றேன் நான். புளிச்சோறுதான் வேண்டும் என்றார் அப்பா. அதில் அர்த்தம் இருக்கிறது. மணிக்கணக்கில் வியர்க்கும்போது தண்ணீரோடு உப்பும் உடலைவிட்டுப் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். புளிச்சோற்றில் உப்பும் உண்டு, எளிதில் கெட்டுப்போகவும் செய்யாது.

அதிகாலை 3 மணிக்கு ஃபேரர் பார்க்கில் வேன் ஏறினோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அந்த நேரத்திலும் வரிசை. கடற்பாலத்தைத் தாண்டியதும் எல்லாரும் தூங்கிவிட்டோம். நான் விழித்தபோது அப்பா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

லேடாங்கில் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. தேசியப் பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிவு செய்த பிறகு, பையில் இருக்கும் பொருள்களைக் கணக்கெடுத்தார்கள். எடுத்துச் செல்லும் ஞெகிழிப் பை, போத்தல் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்களுடன் இரண்டு வழிகாட்டிகள் வந்தார்கள். பிற்பகல் 1 மணிக்குள் உச்சியில் இல்லாவிட்டால், எங்கே இருக்கிறோமோ அங்கிருந்தே திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காட்டுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும்.

1892ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் இதைப் படித்துவிட்டு நான் ஓர் அட்டவணையே தயாரித்து வைத்திருந்தேன். 7.40க்கு நடக்கத் தொடங்கினோம். 9 மணிக்குள் அந்த அட்டவணை குப்பைக்குப் போய்விட்டது. நெய்ஸ்மித் வேர்களைப் பிடித்து ஏறவில்லை, சேற்றில் வழுக்கவில்லை, மார்ச் மாத வெயிலில் ஜோகூர்க் காட்டுக்குள் இல்லை.

பாதையில் ‘கேஎஃப்சி’ என்று ஓர் இடம் உண்டு. கோழி கிடைக்காது. மலையேறிகளைக் கொல்லும் இடம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும். அங்கேதான் அப்பாவின் இடது தொடை பிடித்துக்கொண்டது. பாறையின் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் வலி தெரிந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. வழிகாட்டிகள் இருவரும் சேர்ந்து அவரை மேலே இழுத்து உட்கார வைத்தார்கள். தசையை நீவி, உப்பு கரைத்த தண்ணீர் கொடுத்து, 20 நிமிடம் காத்திருந்தோம். எழுந்து இரண்டு அடி வைத்தார். மறுபடியும் பிடித்துக்கொண்டது.

மணி 11.35. மூத்த வழிகாட்டி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. ஒருவர் அப்பாவுடன் இங்கே இருப்பார், மற்றவர்கள் இப்போதே புறப்பட்டால்தான் நேரத்துக்குப் போக முடியும் என்றார்.

நான் இருக்கிறேன் என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. லேடாங் இளவரசி கதை நினைவிருக்கிறதா என்று கேட்டார். மலாக்கா சுல்தான் மணக்கக் கேட்டபோது அவள் விதித்த நிபந்தனைகளில் தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் உண்டு, தட்டுத் தட்டாகக் கொசு இதயங்களும் உண்டு. கடைசியாக அவருடைய மகனின் ரத்தத்தைக் கேட்டதும் சுல்தான் கைவிட்டுவிட்டார். “சுல்தானே திரும்பிட்டாரு. நான் உக்காந்துக்கிட்டா என்ன? நீ போம்மா. மேல போயி நம்ம தோட்டத்துப் பக்கம் ஒரு வீடியோ எடுத்துட்டு வா.”

போனேன். என்னிடமிருந்த ஒரு முழுப் போத்தலை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். விட்டுவிட்டு வந்தது சரியா என்ற கேள்வி அடுத்த அரை மணி நேரம் கூடவே ஏறியது. என்னைத் தடுத்திருந்தால் அவர் மீது கோபப்பட்டிருப்பேன், போகச் சொன்னதற்கும் கோபம்தான் வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே என் தண்ணீர் முடிந்துவிட்டது. ஒரு தோழி தன் போத்தலிலிருந்து இரண்டு மடக்கு கொடுத்தாள். பாதையோரத்தில் குடுவைச் செடிகளை வழிகாட்டி காட்டினார். எனக்கு ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் நினைவுக்கு வந்தார். 1854ல் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாவில் இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்த இயற்கையியலாளர். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை உள்ளது. அதே ஆண்டு அவர் இந்த லேடாங் மலையிலும் ஏறினார். வழியில் தண்ணீர் கிடைக்காமல், பூச்சிகள் மிதந்த குடுவைச் செடி நீரைக் குடித்துத் தாகம் தணித்ததாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். படித்தபோது அருவருப்பாக இருந்தது. செடியைப் பார்த்து நின்ற அந்த நிமிடத்தில் அருவருப்பு இல்லை. நான் குடிக்கவில்லை, ஆனால் குடித்தவரைப் புரிந்துகொண்டேன்.

12.48க்கு உச்சி. காற்று குளிர்ந்திருந்தது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும் என்று பாடத்தில் படித்ததைத் தோல் உணர்ந்தது. சுற்றிலும் வெள்ளை மேகம். எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் கைப்பேசியை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் மேகம் ஒரு பக்கம் மட்டும் விலகி, கீழே செம்பனைத் தோட்டங்கள் பச்சைப் பாய்கள்போல் தெரிந்தன. 40 விநாடி காணொளி எடுத்தேன்.

இனி இறக்கம்தானே என்று நினைத்தேன். பத்தே நிமிடத்தில் என் தொடைகள் நடுங்கத் தொடங்கின. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கி, ஒவ்வோர் அடியிலும் நம்மை நிறுத்த வேண்டும். அது வேறு வகை வேலை, தசைநார்களுக்கு அதிகச் சேதம் தரும் வேலை, பழகினால்தான் தாங்கும். ஏழு வாரங்களாக எங்கள் இறக்கத்தை எல்லாம் மின்தூக்கி செய்துகொடுத்தது!

அப்பா அதே பாறையின் மேல், வழிகாட்டியுடன் மலாயில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேர ஓய்வில் பிடிப்பு விட்டிருந்தது. கயிற்றுப் பாறையின் விளிம்பில் நான் முன்பக்கம் பார்த்து இறங்க முயன்று இரண்டு முறை வழுக்கியதைப் பார்த்துவிட்டு, “அப்படி இல்ல. திரும்பு. பாறையப் பாத்து இறங்கு, கப்பல் ஏணி மாதிரி,” என்றார். தானே முதலில் இறங்கிக் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலின் அடித்தளங்களுக்குள் இறங்கி ஏறியவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காலை எங்கே வைக்க வேண்டும் என்று கீழிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி ஒரு மணி நேரம் என் பையும் அவர் தோளில்தான்.

5.35க்கு அடிவாரம். போத்தல்களை எண்ணிக் காட்டிவிட்டு வேனில் ஏறினோம். காணொளியை அப்பாவிடம் கொடுத்தேன். நிறுத்தி, பெரிதாக்கி, மூன்று முறை பார்த்தார்.

“நல்லாத்தான் எடுத்திருக்க. ஆனா நம்ம தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம்.”

வேனில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.

இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போனது. எம்ஆர்டி நிலையப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினேன். அப்பா வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். அடுத்த மார்ச்சுக்கு மறுபடி பேசி வைத்திருக்கிறோம். இப்போது 12 மாடியும் படியில் ஏறி, படியிலேயே இறங்குகிறோம். ஏறும்போது அப்பா பின்தங்குகிறார், இறங்கும்போது நான்.