தரப்புள்ளி நேற்றைய கணக்கு

பீர்க்கன்கரணை வீட்டில் மாலைதோறும் இணையவழிச் சதுரங்கம் ஆடுகிறேன். என்னைவிட 200 தரப்புள்ளிகள் குறைந்தவரிடம் தோற்றால், கணினியின் துணையோடு ஆடினாரோ என்ற ஐயம் எழும். ஆனால், ஈலோ கணக்கின்படியே, 200 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் எதிர்பார்க்கக்கூடியது ஏறத்தாழ 76 புள்ளிகளே. எஞ்சிய 24 எதிராளிக்குரியவை.

மேலும், தரப்புள்ளி கடந்த ஆட்டங்களின் பதிவு. வேகமாக வளரும் சிறுவரின் இன்றைய திறனை அது தாமதமாகவே காட்டும். 2022 பிப்ரவரியில், உலக சாம்பியன் கார்ல்சனைவிட 200-க்கும் மேற்பட்ட தரப்புள்ளிகள் பின்தங்கியிருந்த 16 வயது பிரக்ஞானந்தா, இணையவழிப் போட்டியில் அவரை வென்றார். அதைக் கொண்டாடிய நாம், பெயரறியாச் சிறுவனை மட்டும் ஐயுறுவது முறையா?

ஐயம் வலுத்தால் தளத்திடம் முறையிடலாம். தீர்ப்பை நாமே எழுதலாகாது. தோற்ற ஆட்டத்தை முதலில் ஆராய்வோம். என் பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.