பிளேட்லெட் கூடினால் நல்லதா?

காய்ச்சல் என்றாலே, "பிளேட்லெட் குறைஞ்சிருக்கா?" என்று பதறுகிறோம். டெங்கு கற்றுக்கொடுத்த பாடம் அது. சரி, கூடியிருந்தால்? யாரும் கண்டுகொள்வதில்லை!

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஒரு தறிக்காரர் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 5 லட்சம். "நிறைய இருக்கு, நல்லதுதானே?" என்கிறார் அவர்.

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரைதான் சரியான அளவு.

தறியில் இழை அறுந்தால் உடனே பிணைக்கிறோம் இல்லையா? ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் ஓடிவந்து அடைப்பவை இந்தத் தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஏழு முதல் பத்து நாள்தான் வாழ்கின்றன.

இந்த நல்ல வேலைக்காரர்களையே புற்றுநோய் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சில கட்டிகள், தட்டணுக்கள் கூடுதலாக உற்பத்தியாகும்படி தூண்டுகின்றன. கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்களைத் தட்டணுக்கள் போர்வை போல மூடிக்கொள்ள, உடம்பின் காவல் அணுக்கள் ஏமாந்துபோகின்றன!

பிரிட்டனில் 2017-ல் வெளியான ஆய்வு, நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கவனித்தது. பிளேட்லெட் கூடியிருந்தவர்களில், ஒரு வருடத்துக்குள் நூறு ஆண்களில் சுமார் 12 பேருக்கும், நூறு பெண்களில் 6 பேருக்கும் புற்றுநோய் தெரியவந்தது. சாதாரண அளவு இருந்தவர்களில் இது சுமார் 4, 2 பேர்தான். நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களே அதிகம்.

கட்டியின் அடையாளங்களைத் தட்டணுக்களுக்குள்ளேயே படிக்கலாம் என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். ஆனால் அது இன்னும் வழக்கமான பரிசோதனையாக வரவில்லை.

அதற்காகப் பயந்துவிடாதீர்கள். பிளேட்லெட் கூடிய பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. நம் பெண்களிடம் சகஜமான இரும்புச்சத்துக் குறைவு, நோய்த்தொற்று, மூட்டு அழற்சி இவற்றிலும் கூடும்.

என்ன செய்யணும்? ரிப்போர்ட்டை அலமாரியில் வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பரிசோதியுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல், மலத்தில் ரத்தம் இருந்தால் தாமதமே கூடாது. அதே சமயம், பிளேட்லெட் சரியாக இருப்பதாலேயே புற்றுநோய் இல்லை என்றும் ஆகாது.

மேற்கொண்டு பார்க்கணும் என்று டாக்டர் சொன்னால், கூரத்துக்காரர்கள் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "நிறைய இருக்கு, நல்லதுதானே?" என்ற கேள்வியை வீட்டோடு விடாமல் டாக்டரிடம் கேளுங்கள், அது போதும்!