கம்ப்யூட்டர் துணை: பயிற்சியா, பித்தலாட்டமா?

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடினால் மோசடி என்கிறார்கள். நீங்களே அதை வைத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறீர்களே?" நியாயமான கேள்வி.

மோசடிக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2006-இல் நம் தில்லியில், சுப்ரதோ பார்க்கில் நடந்த போட்டியில் ஓர் ஆட்டக்காரர் தொப்பிக்குள் ப்ளூடூத் கருவியைத் தைத்து வைத்திருந்து பிடிபட்டார். அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. ஆனால் 2010-இல் ஸோஃபியாவில் டோபலோவை வென்ற நம் ஆனந்தும் கம்ப்யூட்டர்களின் துணையோடுதான் தயாரானார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. டோபலோவும் அப்படித்தானே தயாரானார்! பலகை முன் அமர்ந்தபின் இருவருக்கும் தத்தம் மூளைதான் துணை. அங்கே சொந்தக் கையால் எழுதிய குறிப்பைப் பார்ப்பதுகூடக் குற்றம்.

இருவருக்கும் துணையை வெளிப்படையாக அனுமதித்தால்? 1998-இல் ஸ்பெயின் நாட்டு லியோனில் காஸ்பரோவ் அதையும் செய்து பார்த்தார். டோபலோவும் அவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டருடன் ஆடினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் துணையில்லாத விரைவாட்டத்தில் காஸ்பரோவ் 4-0 என்று வென்றிருந்தார். லியோனில் முடிவு 3-3! கணக்குப் பிழைகளை இயந்திரம் பார்த்துக்கொண்டதும் இருவருக்குமிடையே இருந்த தூரம் மறைந்துவிட்டது. இது மோசடி இல்லை; ஆனால் வேறொரு விளையாட்டு. தபால்வழிச் சதுரங்கத்தின் உலக அமைப்பு கம்ப்யூட்டரை அனுமதிக்கிறது. அங்கே அதைப் பயன்படுத்துகிறவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆகவே எதிராளிக்குத் தெரியுமா, அவருக்கும் அந்த உரிமை உண்டா என்பதை வைத்துத்தான் நான் தீர்மானிப்பேன்.

எனக்குள்ள கவலை வேறு. குதிரையை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால், "கம்ப்யூட்டர் சொல்லிச்சு அங்கிள்" என்கிறான் பையன். நகர்த்தல் பிரமாதம், காரணம் மட்டும் தெரியாது. அதனால் முதலில் தன் யோசனையை நோட்டில் எழுதிவிட்டு, பிறகே கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வீட்டிலும் இதைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

போட்டிக்கு அனுப்பும்போது மொபைலை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடவே இல்லை என்றாலும், பையில் இருப்பது தெரிந்தால் ஆட்டம் கைவிட்டுப் போகலாம்.