சர்ஜன் கையில் துணி ஊசி

டீ சூடாக இருக்கிறது தம்பி, ஆறட்டும். அதற்குள் நீ கேட்டதற்கு வருகிறேன். 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிற உன் அக்கா, லீவு நாளில் துண்டுத்துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைக்கிறாள். "சர்ஜனாகப் போகிறவளுக்கு இந்த வேலை எதற்கு?" என்று பெரம்பலூரில் அம்மா கவலைப்படுகிறார். கவலையே வேண்டாம் என்று சொல்.

நோயாளியைத் தொடுமுன் மாணவன் எதில் கை பழக வேண்டும் என்று சுஸ்ருத சம்ஹிதை வரிசையாகச் சொல்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. தைத்துப் பழக? மெல்லிய துணி, கனத்த துணி, மிருதுவான தோல். உன் அக்கா அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறாள்.

பிரான்ஸில் நடந்ததையும் கேள். 1894 ஜூனில் அந்நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோவை லியோன் நகரில் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தது. அறுந்த குழாயைத் தைத்து மூட அன்று நம்பகமான வழி இல்லை; நள்ளிரவு தாண்டியதும் அவர் இறந்துபோனார். அதே ஊரில் பயிற்சியில் இருந்த அலெக்சிஸ் காரெல் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். லெருதியே என்ற பூவேலைக்கார அம்மாளிடம் போய், மிக நுண்ணிய ஊசியையும் நூலையும் ஆளக் கற்றுக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரத்தக்குழாய் உருண்டையானது, துவண்டுவிடும். ஒரு பக்கம் தைக்கும்போது ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் குழாய் அடைபட்டுப்போகும். காரெல் இரண்டு முனைகளையும் சேர்த்துச் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு, மூன்று நூலையும் மூன்று திசையில் இழுத்தார். வட்டம் முக்கோணமாயிற்று. இனி ஒவ்வொரு பக்கமும் நேர்க்கோடு. துணி ஓரத்தைத் தைக்கிற மாதிரி தைத்துக்கொண்டு போகலாம். நூலுக்கு வாசலின் தடவினார். 1902-ல் இதை எழுதி வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு வந்தது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கே அடித்தளம் போட்ட தையல் அது.

இனி உன் அக்கா தைக்கிற ஒட்டுப் போர்வைக்கு வருவோம். அதில் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் ஒரே நூல் பிடிக்க வேண்டும். இறுக்கினால் துணி சுருங்கும், தளர்த்தினால் அடுக்கு நழுவும். தோலிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆனால் தைத்த காயம் வீங்கும். அதற்கு இடம் விடாமல் முடிச்சை இறுக்கினால் ஓரத்துக்கு ரத்தம் போகாது, சதை செத்துப்போகும். இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் போதும். இதைத் துணி சொல்லித் தராது. வளைந்த ஊசியை நீடில் ஹோல்டரில் பிடித்து மணிக்கட்டைத் திருப்புவதும் போர்வை தைத்து வராது. ஆனால் நூலின் இழுவையை விரல் உணர்வது துணியிலேயே பழகக்கூடியது. எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ரோஜர் நீபோன், மாணவர்கள் திரையிலேயே மூழ்கிக் கிடப்பதால் அவர்களுக்குக் கைவேலை வருவதில்லை என்று 2018-ல் வெளிப்படையாகவே வருந்தினார்.

நாளைக்கு டாக்டரான பிறகு நேரம் எங்கே என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆபரேஷனைப் பாதியில் விட முடியாது. போர்வைத் துண்டை விடலாம். போன் வந்தால் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு ஓடலாம், நாலு நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். இன்னொன்றும் உண்டு. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் நோயாளியின் சர்க்கரையோ கிருமியோ சில சமயம் காயத்தைப் பிரித்துவிடும். அந்த வேதனையைச் சுமந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு, போட்டது போட்டபடி நிற்கிற ஒரு தையல் வேண்டாமா?

அக்காவின் போர்வைக்கு அம்மாவிடம் பழைய நூல் சேலை இருந்தால் கேட்டு வாங்கு. கைக்குழந்தைக்குப் பழஞ்சேலையை மடித்து ஓட்டுத் தையல் போட்டு விரிப்புச் செய்த தலைமுறை அது, கேட்டால் கூடவே உட்கார்ந்து தைப்பார். ஜெயங்கொண்டம் பட்டுத்துண்டு இப்போது வேண்டாம், ஆரம்பக் கைக்கு வழுக்கும். தைக்குமுன் எல்லாத் துணியையும் ஒருமுறை ஊறவைத்து அலசச் சொல். சாயம் போகிற சிவப்புத் துண்டு ஒன்று கலந்தால் பக்கத்து வெள்ளையெல்லாம் பாழ்.