நாமமிட்ட பூனை

வெளியே பக்தியும் உள்ளே வேறு எண்ணமும் உள்ளவரை 'உருத்திராட்சப் பூனை' என்கிறோம். இந்தச் சொல்லையே ஓவியமாகத் தீட்டியது போன்ற படம் ஒன்று வங்காளத்தில் உண்டு. இன்று அதைப் பற்றிப் பார்ப்போம்.

கல்கத்தாவில் காளிகாட் என்னுமிடத்தில் புகழ்பெற்ற காளி கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த யாத்திரிகர்களுக்கு விற்பதற்காகப் 'பட்டுவா' என்னும் ஓவியர்கள் ஆலைக் காகிதத்தில் படம் எழுதினார்கள். குடும்பமே சேர்ந்து வேலை செய்தது. ஒருவர் கோடு இழுப்பார். மற்றவர் வண்ணம் நிரப்புவார். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவு விலை. தெய்வங்களோடு ஊர் நடப்பையும் அவர்கள் வரைந்தார்கள். அவற்றுள் ஒன்றுதான் இந்தப் பூனை.

பூனையின் நெற்றியிலே நாமம், வாயிலே இறால்! பெர்ணம் ஆற்றில் மீன்படகுகளைப் பார்த்து வளரும் நம் ஹுத்தான் மெலிந்தாங் பிள்ளைகளுக்கு இறாலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாமமும் இறாலும் ஏன் சேர்ந்தன? மீனையும் மாமிசத்தையும் துறந்தவராக வேடமிட்டு, மறைவில் உண்பவரை அது குத்திக் காட்டுகிறது. நாமம் வெளிவேடம், இறால் உள்ளத்து ஆசை. ஓவியர் பழித்தது சமயத்தையன்று, வேடத்தைத்தான்.

வண்ணத்தையும் கவனியுங்கள். உடல் மஞ்சளாக இருக்கலாம், மேலே கருங்கோடுகள் ஓடலாம். பின்னணி வெறுமை. ஆகவே கண் நேராக நாமத்துக்கும் இறாலுக்கும் போகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று வண்ணமே கைநீட்டிக் காட்டுகிறது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. மாமல்லபுரத்தில் பல்லவர் காலப் பெரும்பாறைச் சிற்பத்தில், பூனை ஒன்று பின்னங்காலில் நின்று கைதூக்கித் தவம் செய்கிறது. காலடியிலே எலிகள்!

பிற்காலத்தில் மலிவான அச்சுப் படங்கள் வந்து, பட்டுவாக்களின் பிழைப்பு போயிற்று. எனினும் கலை அழியவில்லை. வங்காளக் கிராமத்தில் 1887-இல் பிறந்த ஜாமினி ராய், கல்கத்தா ஓவியக் கல்லூரியில் மேனாட்டு முறையைப் பயின்றவர். பிறகு அதை விட்டு நாட்டுப்புற முறைக்குத் திரும்பினார். விளக்குக் கரி, மண், சுண்ணாம்பு ஆகியவற்றிலிருந்து வண்ணம் எடுத்தார். புளியங்கொட்டைப் பசையில் குழைத்தார். இறாலைக் கவ்விய பூனைகளை அவரும் தீட்டினார். 1972-இல் காலமானார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பூனைக்கு நீல வண்ணம் தீட்டினால், "பூனை நீலமா இருக்குமா?" என்று அதட்டாதீர்கள். "ஏன் நீலம்?" என்று கேளுங்கள். பிள்ளையிடம் ஒரு பதில் இருக்கும். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம்; அடுப்புக் கரியும் மஞ்சளும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

இன்னொன்றையும் அந்தப் பூனை நமக்குச் சொல்கிறது. இனிக்கப் பேசி, சேமித்த பணத்தைக் கேட்டு எவராவது வாசலுக்கு வந்தால், நெற்றியை மட்டும் பார்க்காதீர்கள். வாயில் என்ன கவ்வியிருக்கிறது என்றும் பாருங்கள்.